கணக்கை வைத்துக்கொள்வதா, விடுவதா: பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் முன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து ஆகஸ்ட் வரை கவுன்சிலிங் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் முழு வேலை. அந்த நாட்களில் ஒரே பெஞ்சில் இரண்டு வகைப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பத்தாவது முடித்துவிட்டு எந்த குரூப் எடுக்கலாம் என்று கேட்கிற பிள்ளை ஒன்று. பன்னிரண்டாவதையும் முடித்துவிட்டு, தான் எடுத்த குரூப்புக்கு எந்தப் படிப்பு கிடைக்கும், எது கிடைக்காது என்பதை அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்துகொள்கிற பிள்ளை இன்னொன்று. போன வருடம் ஒரு பையன் வந்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், நல்ல மார்க். பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போட வேண்டும் என்றான். உயிரியல் படிக்காத பிள்ளைக்கு அந்தப் படிப்பு கிடையாது. "கம்ப்யூட்டர் எடுத்தால் எல்லாத்துக்கும் போகலாம்னு சொன்னாங்க சார்" என்று அவன் அம்மா சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு வருடம் முன்னால் யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும், அந்தப் பையன் இன்றைக்கு நர்சிங்கில் இருந்திருப்பான்.

இந்த வருடம் என் அக்கா மகளே பத்தாவது முடித்திருக்கிறாள். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் வீடு, அங்கேயே அரசுப் பள்ளி. தமிழில் 93, சமூக அறிவியலில் 88, அறிவியலில் 81, ஆங்கிலத்தில் 79, கணக்கில் 58. ஆஸ்பத்திரி சம்பந்தமான வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை, பாட்டியை ஜிப்மருக்கு மாதாமாதம் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில் பிறந்த ஆசை. அக்கா வீட்டுக்காரர் "எதுக்கும் பயோ மேத்ஸ் எடுத்து வெச்சுக்கட்டும், நாளைக்கு மனசு மாறினா இன்ஜினியரிங் போகலாம்ல" என்கிறார். அக்கா கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்கிறாள். இவர்கள் மூவருக்கும் நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் இதே கேள்விதான்.

எல்லோரும் குரூப்பை ஒரு ஏணி மாதிரிப் பார்க்கிறார்கள். மேலே பயோ மேத்ஸ், அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் ப்யூர் சயின்ஸ், அதற்குக் கீழே காமர்ஸ், கடைசியில் ஆர்ட்ஸும் தொழிற்கல்வியும். பல பள்ளிகளும் பத்தாவது மார்க்கை வைத்து இப்படித்தான் பிரித்துக் கொடுக்கின்றன. என் அனுபவத்தில் இந்த ஏணியால் கெட்ட பிள்ளைகள் அதிகம். கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: கணக்கு வேண்டுமா, வேண்டாமா? அதை முடிவு செய்துவிட்டால் உயிரியல் வேண்டுமா என்பது இரண்டாவது. இரண்டுமே வேண்டாம் என்றால் காமர்ஸ், ஆர்ட்ஸ், தொழிற்கல்வி, டிப்ளமா என்று வேறொரு பெரிய உலகம் இருக்கிறது.

கணக்கை விட்டால் எதெல்லாம் போகும் என்று முதலில் பார்ப்போம். பி.இ., பி.டெக். போகும், அது தமிழ்நாடு கவுன்சிலிங் ஆனாலும் சரி, ஜே.இ.இ. எழுதிப் போகிற ஐ.ஐ.டி., காரைக்கால் என்.ஐ.டி. ஆனாலும் சரி. கட்டடக் கலை போகும். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ.வில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும், ஆனால் விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். கப்பல் வேலைக்கு, அதாவது நாட்டிகல் சயின்ஸுக்கு, இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் கேட்கிறார்கள். நம் ஊர் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் படிப்பில் ஆசை உண்டு, ஆனால் இந்த விவரம் தெரிந்து வருகிறவர்கள் குறைவு. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் போன்றவையும் கிட்டத்தட்ட போய்விடும்.

கணக்கை விட்டாலும் இருப்பவை எவை? எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம். இவற்றில் எதற்கும் கணக்கு கட்டாயமில்லை. சட்டம், பி.காம்., பி.ஏ. எல்லாம் சொல்லவே வேண்டாம். இதைச் சொன்னால் பாதிப் பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள், ஏதோ கணக்கில்லாமல் டாக்டர் ஆக முடியாது என்பது போல. நீட் தேர்வில் இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். கணக்குத் தாள் என்று ஒன்று அதில் இல்லை.

சரி, அப்படியானால் கணக்கையும் வைத்துக்கொண்டு உயிரியலையும் எடுத்துக்கொண்டால் எதுவுமே போகாதே, அக்கா வீட்டுக்காரர் சொல்வதும் அதுதானே? காகிதத்தில் அது சரி. ஆனால் பயோ மேத்ஸ் சும்மா கிடைப்பதில்லை, அதற்கு இரண்டு வருட நேரத்தைக் கொடுக்க வேண்டும். பொறியியல் கட் ஆஃபைப் பாருங்கள்: கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக மொத்தம் 200. கணக்கில் 60, மற்ற இரண்டிலும் தலா 90 எடுத்த பிள்ளைக்குக் கட் ஆஃப் 150. கணக்கில் 90, மற்ற இரண்டிலும் தலா 60 எடுத்த பிள்ளைக்கும் அதே 150. முதல் பிள்ளை மூன்று பாடத்திலும் சேர்த்து 30 மார்க் அதிகம் எடுத்திருக்கிறது, ஆனால் வரிசையில் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். கணக்கில் தடுமாறுகிற பிள்ளை "எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைத்த கணக்கு, பொறியியல் வாசலில் போய் நிற்கும்போது இப்படித்தான் காலை வாருகிறது. குறைந்தபட்சத் தகுதி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 என்பதால் எங்காவது ஒரு கல்லூரியில் சீட் கிடைத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் செமஸ்டரிலேயே மேட்ரிக்ஸும் கால்குலஸும் உட்கார்ந்திருக்கும். பிளஸ் டூவில் கணக்கை மனப்பாடம் செய்து தேறியவர்கள் அங்கே அரியர் வைத்து, அதே அரியரை மூன்றாம் வருடம் வரை சுமந்துகொண்டு வந்து என் கடையில் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

அது மட்டுமில்லை, கணக்கோடு மல்லுக்கட்டுகிற அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? உயிரியலிலிருந்துதான் வரும். மாநிலப் பாடத்திட்டத்தில் பயோ மேத்ஸ் பிள்ளைக்கு உயிரியல் ஒரே 100 மார்க் பாடம்தான், ஆனால் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம், தேர்வில் ஆளுக்கு 35. இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றுமே ஆளுக்கு இரண்டு தொகுதி. மாலை டியூஷன் முடித்து எட்டரை மணிக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளை அதற்கு மேல் எதைப் படிக்கும்?

யாருக்கு பயோ மேத்ஸ் உண்மையிலேயே பொருந்தும் என்றால், கணக்கு சுலபமாக வருகிற, உயிரியலும் பிடித்த, இன்னும் மனசு முடிவாகாத பிள்ளைக்கு. அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைவிட நல்ல குரூப் கிடையாது. கணக்கு சுலபமாக வருவதென்றால் பத்தாவதில் 90 எடுப்பது என்று நான் சொல்லவில்லை. தெரியாத கணக்கைக் கொடுத்தால் பேனாவை எடுத்து எதையாவது போட்டுப் பார்க்கிற பிள்ளையா, புத்தகத்தில் இருக்கிற கணக்கா என்று முதலில் கேட்கிற பிள்ளையா என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

பெற்றோருக்கு இன்னொரு பழைய நினைவும் தொல்லை தருகிறது. அவர்கள் படித்த காலத்தில் பிளஸ் டூ 1200 மார்க், மெடிக்கல் சீட்டுக்கும் அந்த மார்க் கணக்கில் சேரும். 1200 இப்போது 600 ஆகிவிட்டது, பாடத்துக்கு 100. தமிழ்நாட்டில் 2017 முதல் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான், பிளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும். ஆனால் அதே பிளஸ் டூ மார்க்தான் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கும் கால்நடைக்கும் துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்கும் இன்றைக்கும் வரிசையைத் தீர்மானிக்கிறது. நீட் நீட் என்று ஓடி பிளஸ் டூவைக் கோட்டை விட்ட பிள்ளை இரண்டு பக்கமும் இழக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் வேறெதற்கும் போகத் தயாரா என்று இப்போதே வீட்டில் பேசிவைப்பது நல்லது, தயார் என்றால் பிளஸ் டூ மார்க்கும் அதே அளவுக்கு முக்கியம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. கட் ஆஃபில் அந்தப் பாடத்தின் மார்க் சேர்வதே கிடையாது, கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும்தான். அப்படியானால் அந்த குரூப் எதற்கு? உயிரியலில் ஆர்வமே இல்லாத, கணக்கு வருகிற பிள்ளைக்கு அது பாரத்தைக் குறைக்கிறது. மாநிலப் பாடத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான், சி.பி.எஸ்.இ.யில் பைத்தானோடு மை எஸ்கியூஎல். உட்கார்ந்து புரோகிராம் போட்டுப் பழகிய பிள்ளைக்குக் கல்லூரி முதல் வருடம் சுலபமாகப் போகும். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று போக நினைத்தாலும் இந்தப் பாடத்தில் எடுத்த மார்க் வீணாகாது, ஏனென்றால் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளில் மொழிப் பாடம் நீங்கலாக நான்கு பாடத்தின் மொத்தத்தைத்தான் தரவரிசைக்குப் பார்க்கிறார்கள். ஆனால் ஒன்று, ஆஸ்பத்திரி, விலங்கு, செடி கொடி என்று மனசு துளியாவது போகிற பிள்ளையை இந்த குரூப்பில் தள்ளாதீர்கள். முதலில் சொன்னேனே, அந்தப் பையன் நினைவிருக்கிறதா.

ப்யூர் சயின்ஸ், அதாவது கணக்கில்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். ஏணியில் இதை மூன்றாம் படியில் வைத்து, "பயோ மேத்ஸ் கிடைக்காதவங்க எடுக்கிறது" என்று பேசுகிறார்கள், எனக்கு இதில் கோபமே வரும். மருத்துவத் துறைக்குள் ஏதாவது ஒரு வேலை என்று முடிவாக இருக்கிற பிள்ளைக்கு இதுதான் நேரான வழி. தாவரவியலுக்குத் தனியாக 100, விலங்கியலுக்குத் தனியாக 100, ஆழமாகவும் நிதானமாகவும் படிக்கலாம். ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இயற்பியல். கணக்கை விட்டாலும் கணக்கு விடாது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் வந்துவிடும். கணக்கு குரூப் பிள்ளைகள் அதைக் கணக்கு வகுப்பில் விரிவாகப் பழகுகிறார்கள், ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இயற்பியல் ஆசிரியர் இரண்டு வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். நீட்டில் இயற்பியலுக்கு 180 மார்க், நம் பிள்ளைகள் வழுக்குவதும் அங்கேதான். இதற்கு வழி இருக்கிறது. பதினொன்று தொடங்குவதற்கு முந்தைய இந்தக் கோடை விடுமுறையில் முக்கோணவியல், மடக்கை, வகையிடல், தொகையிடல் என்று நான்கு தலைப்பை மட்டும், இயற்பியலுக்குத் தேவையான அளவுக்கு, ஒரு மாதம் தெரிந்தவரிடம் உட்கார்ந்து பழகினால் போதும். கணக்குப் பாடத்தை முழுதாகச் சுமப்பது வேறு, கருவியாக நாலு சூத்திரம் தெரிந்துவைத்துக்கொள்வது வேறு.

காமர்ஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அறிவியல் குரூப் கிடைக்காதவர்களுக்கான இடம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பெண், பத்தாவதில் நல்ல மார்க், ஆசைப்பட்டு அக்கவுண்டன்சி கேட்டாள், பள்ளியில் "இவ்வளவு மார்க் வெச்சுக்கிட்டு காமர்ஸா" என்று வலுக்கட்டாயமாக பயோ மேத்ஸில் போட்டார்கள். இரண்டு வருடம் அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடைசியில் பி.காம்.தான் சேர்ந்தாள், ஆனால் பள்ளியில் அக்கவுண்டன்சி படித்துவிட்டு வந்தவர்களோடு முதல் வருடம் ஈடுகொடுக்கவே மூச்சு வாங்கியது. கடலூரிலும் பண்ருட்டியிலும் பாண்டியிலும் சுற்றிப் பாருங்கள், முந்திரி மண்டி, மீன் ஏற்றுமதி, ஜவுளிக் கடை, சிப்காட் கம்பெனி, ஓட்டல், எல்லா இடத்திலும் ஜி.எஸ்.டி. போடத் தெரிந்த, கணக்கு முடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்பு பற்றி நம் பக்கத்தில் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. எந்த குரூப் படித்தவரும் பிளஸ் டூ முடித்து அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம், பதிவைப் பத்தாவது முடித்தவுடனே செய்யலாம். ஃபவுண்டேஷனில் நான்கு தாள்: கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், பொருளாதாரம், அப்புறம் வணிகக் கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும் சேர்ந்த ஒரு தாள். காமர்ஸில் சேரும்போது நான்காவது பாடமாக எதை எடுப்பது என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பிசினஸ் மேத்ஸ் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கணிதத் தாள் பழகிய ஊர் மாதிரி. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தால் இணையப் பக்கம் வடிவமைப்பது, பி.எச்.பி. என்று வேறு மாதிரி, அதுவும் நல்ல பாடம்தான், ஆனால் சி.ஏ., வங்கித் தேர்வு என்று எண்ணம் இருந்தால் நான் பிசினஸ் மேத்ஸ் பக்கம்தான் நிற்பேன். சி.பி.எஸ்.இ.யில் இதற்கு இணையாக அப்ளைட் மேத்தமேட்டிக்ஸ் இருக்கிறது, 2020-21 கல்வியாண்டிலிருந்து. அதைக் கணிதம் என்று நினைத்துப் பொறியியலுக்குப் போட முடியாது, இதிலும் ஏமாறுகிறார்கள்.

வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் எடுக்கிற குரூப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் செல்லும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாவதுதான் அடிப்படைத் தகுதி, குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம். அரசு வேலை ஒன்றே குறி என்றால் இந்தப் பாடங்கள் அப்படியே தேர்வுக்கு உதவும். இந்த குரூப்பை எடுக்க விரும்பும் பிள்ளையை "படிக்காத பிள்ளை" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கும் வேண்டாம், பாடமாகப் படிப்பதும் கசக்கிறது, ஆனால் மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறான், வீட்டில் ஃபேன் ரிப்பேர் ஆனால் அவன்தான் பார்க்கிறான் என்கிற பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னே கட்டாயமில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் டிப்ளமா, அங்கிருந்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் மூன்று வருடம், மொத்தம் ஆறு. பிளஸ் டூ வழியாகப் போனாலும் இரண்டும் நான்கும் ஆறுதான். வருடம் ஒன்றும் வீணாவதில்லை, நடுவில் கையில் ஒரு டிப்ளமா வேறு. லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். நெய்வேலி பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த வழியைப் பழக்கத்திலேயே தெரிந்துவைத்திருக்கிறார்கள், கடலூர் டவுனில் இருப்பவர்களுக்குத்தான் இது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவர்களுக்கும் பொறியியல் கவுன்சிலிங்கில் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன், பாகூரா, கடலூரா. முள்ளோடையில் தமிழ்நாடு, புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் பாடத்திட்டமே மாறிவிடுகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. கடலூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டம், பாண்டியில் தனியார் பள்ளிகள் பலவற்றிலும் இன்னும் அதுதான். மாநிலத்தில் தமிழ், ஆங்கிலம், நான்கு பாடம் என ஆறு. சி.பி.எஸ்.இ.யில் ஒரு மொழி, நான்கு பாடம் என ஐந்துதான் கட்டாயம், ஆறாவது விருப்பம். பாரம் குறைவு என்று தோன்றும். ஆனால் தமிழ் கட்டாயமில்லாமல் போய்விடுகிறது, அது எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். எட்டு மணி நேரம் ஆங்கிலத்திலேயே படிக்கிற பிள்ளை தமிழில் நான்கு பத்தி எழுதத் திணறுவதை விண்ணப்பக் கடிதங்களில் தினமும் பார்க்கிறேன்.

நீட்டுக்குப் பள்ளிப் பாடப்புத்தகமான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தோடு நேராகப் போகலாம் என்பது சி.பி.எஸ்.இ.யின் பெரிய நன்மை. தமிழில் படித்துத் தமிழில் எழுத நினைக்கிற பிள்ளைக்கு மாநிலப் பாடத்திட்டம்தான் இடம் தருகிறது, நீட்டையும் தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டில் 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிம்மதிதான், ஆனால் பொதுத்தேர்வு இல்லை என்பதால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிப் போய்ப் பன்னிரண்டை ஆரம்பிக்கிற பள்ளியில் சேர்த்துவிடாதீர்கள். நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வகுப்பிலிருந்தும் கேட்கின்றன. சேர்க்கைக்குப் போகும்போது பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர் பெயரையும் கால அட்டவணையையும் கேட்டுப் பாருங்கள், தயங்கினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்காகத் தனியாருக்கு மாற்றுவது. கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தால் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றிய அன்றே அந்த ஒதுக்கீடு கையைவிட்டுப் போகிறது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, கடைசி இரண்டு வருடத்துக்குக் கடன் வாங்கி லட்சம் கட்டி மாற்றிவிட்டு, கவுன்சிலிங் அன்று என் முன்னால் உட்கார்ந்து "அப்ப எங்களுக்கு அந்தக் கோட்டா இல்லையா தம்பி" என்று கேட்ட ஒரு அப்பாவை என்னால் மறக்க முடியவில்லை. புதுச்சேரியிலும் தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னதும் கடலூர்ப் பேச்சு அன்றோடு நின்றது.

மிச்சம் இருந்தது குரூப். போன ஞாயிற்றுக்கிழமை பாகூருக்குப் போனேன். என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது, கணக்கு, உயிரியல், அக்கவுண்டன்சி மூன்றிலும் முதல் பாடத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்து, "சாயங்காலம் வரைக்கும் டைம், எதை வேணாலும் எடுத்துப் படி, யாரும் கேட்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் பின்பக்கம் பேசிக்கொண்டிருந்தோம். கணங்கள் பற்றிய கணக்குப் பாடத்தில் நான்கு பக்கம் தாண்டவில்லை. அக்கவுண்டன்சியைப் பாதி படித்திருந்தாள், "இது புரியுது மாமா, ஆனா இழுக்கல" என்றாள். உயிரியல் பாடத்தின் ஓரத்தில் தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தாள். அக்கா வீட்டுக்காரர் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவரோடு உட்கார்ந்து, கணக்கை விட்டால் போகிற படிப்புகளை ஒவ்வொன்றாக எழுதினேன். "இதுல அவ போகணும்னு நீங்க ஆசைப்படறது எது மாமா?" என்று கேட்டேன். பொறியியலில் விரலை வைத்தார், பிறகு மகளைப் பார்த்தார், விரலை எடுத்துவிட்டார். பதிலுக்கு அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்: "எம்.பி.பி.எஸ். கெடைக்கலைன்னா?" நர்சிங், பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம் என்று வரிசையாகச் சொன்னேன். ஜிப்மரிலேயே பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே நீட்டுக்குப் படித்தது எந்த வழியிலும் வீணாகாது என்றேன். பின்னால் கம்ப்யூட்டர் பக்கம் மனசு போனாலும்கூட, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்குப் பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கேட்பதில்லை என்பதையும் சொன்னேன்.

கணக்கை விடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், ஐந்தாவதாக ஒரு பாடம். அந்த ஐந்தாவது இடத்தில் தமிழ் கிடைக்குமா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை அக்காவும் அவளும் பள்ளிக்குப் போகிறார்கள். முக்கோணவியலுக்கும் வகையிடலுக்கும் இந்த ஒரு மாதம் ஞாயிறுதோறும் நானே பாகூர் போய் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.